பெயர் வராத நோயும் நம் நாணயமும்

வாய்ச்சொல்லை நம்பிப் பிழைத்து வந்த கூட்டம் நம் கூட்டம். கடல் கடந்து வந்து மலாக்காத் துறையில் சரக்கு இறக்கிய நம் முன்னோர், பத்திரமும் முத்திரையும் பார்த்தா ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தார்கள்? ஆளைப் பார்த்தார்கள்; சொல்லைக் கேட்டார்கள்; பேரேட்டில் எழுதிக்கொண்டார்கள். 1748-இல் மலாக்கா நகரில் கம்போங் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய இந்திய முஸ்லிம் வணிகர்களும் அந்த நம்பிக்கையால் வாழ்ந்தவர்களே. மாதக் கணக்கு எழுதிச் சாமான் கொடுத்து, சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தைச் சுங்கை ஊடாங் போன்ற சிற்றூர்களின் கடைக்காரர்கள் அறியாதவர்களல்லர்.

இவ்வாறு வெள்ளிக் கணக்கில் ஒரு மனிதனின் சொல்லை நம்பும் நாம், அவன் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொல்லை நம்புகிறோமா? இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் கேள்வி இதுவே.

ஓர் உணவுக்கடையை எடுத்துக்கொள்வோம். இருபது வயது வாலிபர் ஒருவர் அங்கே வேலை செய்கிறார் என்று வையுங்கள். தே தாரிக் ஆற்றுவதற்குக் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். சென்ற வருடம் வரை தூக்கியவர் இப்போது மார்பளவோடு நிறுத்திக்கொள்கிறார். பரணில் ஏறிப் பால்டின் பெட்டியை இறக்கச் சொன்னால் ஏதோ சாக்குச் சொல்கிறார். மாவு மூட்டையைத் தூக்கி நாலடி நடப்பதற்குள் கீழே வைத்துவிடுகிறார். படியேறும்போது கைப்பிடியை விடுவதில்லை. பார்ப்பதற்கோ நோயாளியாகத் தெரியவில்லை. காய்ச்சலில்லை, இருமலில்லை, புண்ணில்லை. கெண்டைக்கால் இரண்டும் பயில்வான் கால் போலத் திரண்டிருக்கின்றன. முதலாளி என்ன நினைப்பார்? "பையனுக்கு உடம்பு வணங்கவில்லை" என்பார். கூட வேலை செய்பவர்கள், "இரவெல்லாம் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான்" என்பார்கள். தாயார் கண்ணேறு என்று எண்ணித் தண்ணீர் ஓதி வாங்கி வரச் சொல்வார்.

தசைச் சிதைவு என்று டாக்டர்கள் சொல்லும் நோய்களில் சில இப்படித்தான் தொடங்குகின்றன. திரண்டு தெரியும் அந்தக் கெண்டைக்காலே நோயின் அடையாளமாக இருக்கலாம். தசை அழிந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்பியிருக்கும். பிரெஞ்சு வைத்தியர் டூஷேன் 1860-களில் சிறு பையன்களிடம் இதைக் கண்டு விரிவாக எழுதினார். சற்று மெதுவாக, வாலிப வயதிலும் வெளிப்படக்கூடிய வகையை ஜெர்மானியரான பெக்கர் 1955-இல் எடுத்துரைத்தார். தசை நாரின் மேலுறையைத் தாங்கி நிற்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாமலோ குறைவுபட்டோ போவதுதான் இவ்விரண்டுக்கும் காரணம் என்பது 1987-இல் தெளிவாயிற்று. இவையன்றி இடுப்பையும் தோளையும் பிடிக்கும் வகைகள், முகத்தையும் புஜத்தையும் பிடிக்கும் வகை என்று இக்குடும்பம் பெரிது.

ஆனால் நம் வாலிபருக்கு இந்தப் பெயர்களில் எது பொருந்தும், அல்லது எதுவுமே பொருந்தாதா என்பது ஒரு நாளில் தெரியாது. முதலில் சுகாதார கிளினிக். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியைப் பார்ப்பார்கள். சாதாரணமாக 200 அளவில் இருக்க வேண்டியது சிலருக்குப் பல ஆயிரமாக இருக்கும். சில சமயம் இதற்கு முன்பே வேறொரு குழப்பம் நேர்ந்துவிடும். கல்லீரல் சோதனையில் பார்க்கப்படும் சில நொதிகள் தசையிலிருந்தும் கசிந்து வருபவை. அவை கூடியிருப்பதைக் கண்டு கல்லீரல் நோய் என்று எண்ணி, மாதக்கணக்கில் அந்த வழியிலே தேடுவதும் உண்டு. (கீழாநெல்லியை அரைத்துக் கொடுக்க நம் வீடுகளில் ஆள் பஞ்சமே கிடையாது.) பிறகு நரம்பு தசை மின்சோதனை, சிலருக்குத் தசைத் துணுக்கை எடுத்துப் பார்ப்பது, கடைசியாக மரபணுச் சோதனை. நிபுணரைக் காணக் கோலாலம்பூர் வரை போக வேண்டி வரலாம். எல்லாம் முடிந்த பின்னும், "மாற்றம் ஒன்று தெரிகிறது, அதுதான் காரணமென்று உறுதி சொல்ல இயலவில்லை" என்ற பதில் வருவதுண்டு. வசதிகள் நிறைந்த அமெரிக்காவிலேயே, டூஷேன் வகைப் பையன்களிடம் முதல் அறிகுறியைப் பெற்றோர் கண்டது சராசரியாக இரண்டரை வயதில். நோய் உறுதியானதோ ஏறக்குறைய ஐந்து வயதில். 2009-இல் அங்கே வெளியான ஆய்வின் கணக்கு இது.

ஆக, நோய் உண்டு. அதற்குப் பெயர் இல்லை. இந்த இடைக்காலத்தில் ஒரு மனிதன் எப்படி வாழ்வது, அவனோடு நாம் எப்படி வாழ்வது?

"பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அல்லாஹ் நாடியது நடக்கும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஈமானை நாம் குறை கூறவில்லை. முடிவை மட்டும் ஏற்பதற்கில்லை. தசை பலவீனம் எல்லாமே தசைச் சிதைவு அல்ல. தைராய்டு குறைவினால் பலவீனம் வரும். கொழுப்பைக் குறைக்க நம்மில் பலர் விழுங்கும் மாத்திரையினாலும் சிலருக்கு வரும். தசை அழற்சி என்றொரு நோய் உண்டு. காலையில் நன்றாயிருந்து மாலையில் கண்ணிமை தொங்கிவிடும் மயாஸ்தீனியா என்றொரு நோய் உண்டு. இவற்றுக்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது. தசைச் சிதைவேயானாலும், இருதயத்தைச் சோதித்து வர வேண்டிய வகை எது, அறுவைச் சிகிச்சையில் எந்த மயக்கமருந்து ஆகாது என்பதையெல்லாம் பெயர்தான் சொல்லும். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேட்டுத் திரும்பினார்கள். "அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?" என்ற பொருளில் அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் விடை சொன்னார்கள். ஒட்டகத்தை வறண்ட பக்கத்தில் மேய்ப்பதும் விதி, செழித்த பக்கத்தில் மேய்ப்பதும் விதியே என்று விளக்கவும் செய்தார்கள். வியாபாரிக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? சோதனைக்குப் போவதும் செழித்த பக்கத்தைத் தேடுவதே.

ஸபூர் என்ற சொல்லையும் இவ்விடத்தில் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். நோயாளி வாய் திறந்தால் "ஸபூர் செய்" என்று அடக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பொறுமைக்கு உதாரணமாக நாம் எடுத்துச் சொல்லும் அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். தமக்குத் துன்பம் நேர்ந்துவிட்டதென்று அவர்கள் தம் இறைவனிடம் வாய்விட்டுச் சொன்னார்கள். அப்படியிருந்தும் பொறுமையாளர் என்றே புகழப்பட்டார்கள். கஷ்டத்தைச் சொல்வது பொறுமைக்கு மாறானதல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எதற்கு? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர்களுக்கு வந்த நோயின் பெயர் குர்ஆனில் இல்லை. பிற்காலத்தார் பலவிதமாக ஊகித்து எழுதினார்கள். மூலத்தில் துன்பம் உண்டு, பொறுமை உண்டு, இறைவனின் பதில் உண்டு, பெயர் இல்லை. பெயர் தெரிவது வைத்தியத்துக்கு அவசியம். இரக்கத்துக்கு அது ஒரு நிபந்தனையல்ல.

இனி, முதலாளிமார்களின் தரப்பையும் கேட்க வேண்டும். "அசதி என்று சொல்பவனையெல்லாம் நம்பினால் கடையை மூட வேண்டியதுதான்" என்பார்கள். நியாயமான பேச்சு, ஏமாற்றுக்காரர்கள் இல்லாத ஊர் ஏது? ஆனால் சோம்பலுக்கும் பலவீனத்துக்கும் வித்தியாசம் காண்பது அத்தனை கடினமன்று. சோம்பல் வேலையைப் பார்த்து வரும்; விளையாட்டையும் விருந்தையும் பார்த்து ஓடிவிடும். பலவீனத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. பெருநாளன்றும் அதே படியில் அந்த வாலிபர் நின்றுவிடுவார்.

இதைக் காண்பதற்கு நம்மிடம் ஆஸ்பத்திரியில் இல்லாத ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 1879-இல் லண்டன் வைத்தியர் கௌவர்ஸ் ஓர் அடையாளத்தை விவரித்தார். இடுப்புத் தசை பலவீனமானவர் தரையிலிருந்து எழும்போது, கையை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மீதே தான் ஏறுவது போல எழுவார். இன்றைக்கும் டாக்டர்கள் நோயாளியைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான். நாமோ ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று, ஸஜ்தாவுக்குப் போய் எழுந்து வருகிறோம். பக்கத்தில் தொழும் வாலிபர் ஆறு மாதத்துக்கு முன் எப்படி எழுந்தார், இன்று எப்படி எழுகிறார் என்பது டாக்டருக்குத் தெரியாது, ஜமாஅத்துக்குத் தெரியக்கூடும். ஆனால் நடப்பது என்ன? அவர் ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தொழுதால், "இந்த வயதில் நாற்காலியா?" என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தந்தபோது, டாக்டர் சீட்டைக் கொண்டுவரச் சொல்லவில்லை. தன்னால் முடியுமா முடியாதா என்பதைத் தொழுகிறவனே அறிவான் என்று அவனிடமே விட்டுவிட்டார்கள். தொழுகை என்ற தலையாய கடமையிலேயே அவன் சொல் செல்லுபடியாகும்போது, மாவு மூட்டை விஷயத்தில் செல்லாதா?

கணக்காகவே பார்த்தாலும் சரி. பொய் சொல்பவனை நம்பிவிட்டால் நமக்குச் சில நாள் கூலி நஷ்டம். மெய் சொல்பவனை நம்பாமல் மூட்டை தூக்கவைத்தால், அவன் படியில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளலாம். நோயுற்ற தசை கடும் பாரத்தால் மேலும் கெடலாம். எந்த நஷ்டத்தை ஏற்பது புத்திசாலித்தனம் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அத்தகையவரைக் கல்லாவில் உட்காரவைக்கலாம். சரக்குக் கணக்கு எழுதவைக்கலாம். கல்லாப்பெட்டியின் சாவியை ஒருவரிடம் நம்பிக் கொடுத்துவிட்டு, தம் முழங்காலைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் நம்பமாட்டோம் என்றால் அது வேடிக்கைதான்.

இந்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத் திறனாளிகளுக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. சமூகநல இலாகாவில் பதிந்து ஓகேயு அட்டை பெறலாம். அதற்கு டாக்டரின் சான்று வேண்டும். சர்க்கார் காகிதம் கேட்பது முறையே; முன்பின் தெரியாத இலட்சக்கணக்கானோருக்கு அது பொறுப்பாளி. அந்த வாலிபரை நாமோ பிறந்ததிலிருந்து அறிவோம். சான்று வரும்வரை உள்ள மாதங்களே மிகவும் கடுமையானவை. அவை நம் பொறுப்பில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் சேலத்திலே வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவர் சிறு வயதிலேயே தசைச் சிதைவுக்கு ஆளானார்கள். தங்களை ஒத்த நோயாளிகளுக்காக 2009-இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். மூத்தவரான மாதேவி 2017-இல் காலமானார். நடக்க இயலாதவர்கள் இவ்வளவு செய்தார்களே என்று வியப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. தங்கள் நோய்க்குக் குணம் கிடைக்கட்டும், பிறகு வாழ்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்களைச் சுற்றி, தூக்கி உட்காரவைக்கவும் வண்டி தள்ளவும் மனிதர்கள் இருந்தார்கள். அந்த மனிதர்கள் இல்லாத ஊரில் அதே மனவுறுதி எதற்குப் பயன்பட்டிருக்கும்?

ஒரு கொடுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டூஷேன், பெக்கர் வகைகள் தாய்வழியாக வரக்கூடியவை என்று யாரோ சொல்லக் கேட்டதும், வீட்டுக்கு வந்த மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். டூஷேன் வகையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது தாயிடமிருந்தும் வந்ததல்ல; புதிதாக நேர்ந்த மாற்றம். வேறு சில வகைகளில் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு கூறு வர வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் பெண்ணெடுக்கும் குடும்பங்களில் அது நேர வாய்ப்பு அதிகம். அப்படிப் பார்த்தால் சம்பந்தம் பேசி முடித்த பெரியவர்களே கூண்டில் ஏற வேண்டியிருக்கும். தன் இரத்தத்தில் இருப்பதை அறியாத ஒருத்தியின்மேல் என்ன குற்றம்?

கடைசியாக நிக்காஹ் விஷயம். சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் வாலிபருக்குச் சம்பந்தம் வந்தால் மறைப்பதா, சொல்வதா? கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் கண்டு, வியாபாரியைக் கண்டித்த வரலாறு நாமெல்லாரும் அறிந்ததே. மனிதனைச் சரக்கென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஈரத்தை அடியில் மறைப்பது இங்கும் ஆகாது. அதே சமயம் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவும் கடமையில்லை. "உடம்பில் பலவீனம் இருக்கிறது, சோதனை நடக்கிறது, முடிவு வரவில்லை" என்ற அளவே உண்மை. அந்த அளவைச் சொல்ல வேண்டியவர் அந்த வாலிபரும் அவர் குடும்பமும். பெண் வீட்டார் ஏற்கலாம், மறுக்கலாம், முடிவு வரும்வரை பொறுக்கலாம். மறுத்தவர்கள் தாங்கள் கேட்டதைத் தேநீர்க் கடையில் போய் அவிழ்க்காமல், அமானத்தாக வைத்துக்கொள்ள வேண்டும். நோய் உறுதியான பிறகு அவருடைய சகோதரிகளும் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி எழும். அது தனியே எழுத வேண்டிய விஷயம்.