மூப்படையும் பக்கங்கள்

சித்திரக்கதையைத் தாளில் படிப்பதா, திரையில் படிப்பதா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் வசதியின் கணக்கிலேயே தீர்த்துக்கொள்கிறோம். விலை, அலமாரியில் இடம், பயணத்தில் சுமை ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வருகிறோம். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் காலம் என்ற ஒன்று அதில் சேர்வதே இல்லை. காலத்தை இடமாக மாற்றிப் பக்கத்தில் பரப்பி வைப்பதுதான் சித்திரக்கதை. ஆகவே அதை எதில் படிக்கிறோம் என்பதும் காலத்தோடு நாம் கொள்ளும் உறவைச் சார்ந்ததாகிவிடுகிறது.

ஒரு பக்கத்தை நினைத்துப் பார்ப்போம். முதல் கட்டத்தில் ஒருவன் கதவைத் திறக்கிறான். கடைசிக் கட்டத்தில் தரையில் விழுந்து கிடக்கிறான். பக்கத்தைப் புரட்டிய கணத்திலேயே கண் இரண்டையும் கண்டுவிடுகிறது. அதன் பிறகுதான் நாம் முதல் கட்டத்துக்கு வந்து முறையாகப் படிக்கத் தொடங்குகிறோம். விழப்போகிறான் என்று தெரிந்தே அவன் கதவைத் திறப்பதைப் பார்க்கிறோம். கட்டங்களுக்கு நடுவே விடப்பட்ட வெள்ளை இடைவெளியில் நடப்பதை ஓவியர் வரைவதில்லை. நம் மனமே அதை வரைந்துகொள்கிறது. ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் இந்த இடைவெளியைத்தான் இக்கலையின் மையத்தில் வைத்தார். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ தொடரின் ஐந்தாம் அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் முதல் பக்கத்தின் கட்ட அமைப்பைக் கடைசிப் பக்கம் எதிரொளிக்கும். இரண்டாவதை, கடைசிக்கு முந்தையது. நடுவில் விரியும் இரட்டைப் பக்கமே கண்ணாடியின் அச்சு. புத்தகத்தை விரித்துப் பிடித்திருக்கும் இரு கைகளுக்கு நடுவில்தான் அந்தச் சமச்சீர் முழுமையாகப் புலப்படுகிறது.

கைப்பேசியில் இதே அத்தியாயத்தைத் திறந்தால் என்ன ஆகிறது? சிறிய திரையில் முழுப் பக்கம் கொள்ளாது. எனவே செயலி ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கி நம்மை அழைத்துச் செல்கிறது. 2007-இல் தொடங்கப்பட்ட காமிக்ஸாலஜி என்ற மின்சித்திரக்கதைத் தளம் இந்த வழிநடத்தும் பார்வையைப் பரவலாக்கியது. வழுவழுப்பான, கண்ணுக்கு இதமான அனுபவம்தான். ஆனால் முன்னால் கடந்த கட்டமும் பின்னால் வரப்போகும் கட்டமும் இருளில் மறைந்துபோக, நிகழ்காலம் மட்டுமே எஞ்சுகிறது. நம் வாழ்க்கையும் இப்படித்தான் நமக்குக் கிடைக்கிறது: ஒரு நேரத்தில் ஒரு கட்டம். இன்று நாம் சொல்லும் சொல் எந்த வருத்தத்தில் போய் முடியும், இன்று தொடங்கும் நட்பு எந்த நன்மையைக் கொண்டுவரும் என்று பார்க்க நமக்கு வழியில்லை. செயலையும் அதன் விளைவையும் அருகருகே வைத்து ஒரே பார்வையில் காணும் அந்த அரிய நிலையை, வாழ்க்கை நமக்கு மறுப்பதை, அச்சிட்ட ஒரு பக்கம் சில நொடிகளுக்காவது வழங்குகிறது. சிறுவயதில் நாம் அதன்மீது மணிக்கணக்கில் குனிந்து கிடந்ததற்குச் சாகசம் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரைக்கே உரிய கலையும் பிறந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. கொரியாவில் வளர்ந்த வெப்டூன் வடிவம் பக்கத்தையே கைவிட்டு, மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட பட்டையாகக் கதையை வரைகிறது. அங்கே இரு கட்டங்களுக்கு நடுவே உள்ள தொலைவே காத்திருப்பாகிவிடுகிறது. அதைத் தாளில் வெட்டி ஒட்டினால் அதன் மூச்சு நின்றுவிடும். எதற்காக வரையப்பட்டதோ அதில் படிப்பதே நேர்மை.

ஆனால் படிக்கும் நேரம் முடிந்த பிறகும் காலம் நின்றுவிடுவதில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. பிரிட்டனில் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962-இல் தொடங்கி, ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கையால் உருப்பெற்ற அந்த நாயகன் இங்கே தமிழ் பேசினான். அந்தக் காலத்து இதழ் ஒன்றை இன்று கையிலெடுத்தால் விளிம்புகள் பழுப்பேறி, மடித்த இடம் நொறுங்குகிறது. மலிவான தாளின் மரக்கூழில் தங்கிவிடும் லிக்னின், காற்றும் வெளிச்சமும் பட்டு அதை மஞ்சளாக்குகிறது. நம்மோடு சேர்ந்து அதற்கும் வயதாகியிருக்கிறது.

மின்னூலுக்கு வயதாவதில்லை. ஆனால் அது இல்லாமல் போகலாம். ஜப்பானியப் பதிப்பகங்கள் கூடி நடத்திய ஜேமங்கா என்ற இணையதளம் 2013-இல் மூடப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் தங்கள் நூல்களைத் திறக்க முடியாதவர்களானார்கள். காமிக்ஸாலஜியை அமேசான் 2014-இல் வாங்கியது. 2023 டிசம்பரில் அதன் செயலி நிறுத்தப்பட்டு, நூல்கள் அமேசானின் கிண்டில் செயலிக்கு மாற்றப்பட்டன. நூல்கள் தப்பின, ஆனால் அவை எங்கே, எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தவர் வாசகர் இல்லை. ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போது பெரும்பாலும் நாம் பெறுவது படிக்கும் அனுமதி. அந்த அனுமதி நம் கணக்கோடு பிறந்து நம் கணக்கோடு முடிகிறது. தாத்தாவின் கடவுச்சொல்லைப் பேரன் பரணில் கண்டெடுக்கப்போவதில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு உண்மை தெளிகிறது. தேய்வதை நாம் குறை என்று எண்ணுகிறோம்; ஆனால் தேயக்கூடியதாக, இடத்தை அடைப்பதாக, ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போகக்கூடியதாக இருக்கும் பொருள் ஒன்றே, முன்பு தன்னை வைத்திருந்தவரின் கவனிப்பையும் அலட்சியத்தையும் உடலில் ஏற்று, அவர் மறைந்த பிறகும் அவருக்கு முகம்தெரியாத ஒருவருக்கு அதைச் சாட்சியாகக் காட்டி, மூப்பு என்பதே மரபாகக் கைமாறும் தகுதிக்கு அது கொடுக்கும் விலை என்று உணர்த்துகிறது.

தாளும் தானாகப் பிழைத்துவிடாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பழைய காகிதம் திரட்டும் இயக்கத்தில் எண்ணற்ற சித்திரக்கதைகள் கூழாகின. 1938-இல் பத்து சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் இன்று அத்தனை அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் வீடுகளிலும் பழைய பேப்பர்காரரின் தராசு இதே வேலையைச் செய்தது. அப்படி அழிந்தவற்றில் பலவற்றை நாம் இன்று ஓரளவாவது பார்க்க முடிகிறதென்றால், கையிலிருந்த பிரதியைப் பொறுமையாக ஒளிவருடிச் சேமித்த வாசகர்களே அதற்குக் காரணம். கடல் கடந்து வாழும் தமிழருக்கும், எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிற முதியவருக்கும் திரை செய்யும் உதவியை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் ஒளிவருடுவதற்கு ஒரு தாள் முதலில் யாரோ ஒருவர் வீட்டில், எடைக்குப் போகாமல், மிஞ்சியிருக்க வேண்டியிருந்தது.

ஆகவே எல்லாவற்றையும் அச்சில் வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை படித்துக் கடந்துபோகும் தொடர்களைத் திரையில் படிப்போம். புதிய ஓவியர்களை அங்கேயே தேடிக் கண்டடைவோம். வீட்டிலுள்ள பிள்ளை ஏதாவது ஒரு கதையை மூன்றாவது முறை திறக்கும்போது மட்டும், அதை அச்சில் வாங்கிக் கொடுப்போம். அட்டை கிழியும், பக்கம் மடியும், நண்பனுக்குக் கொடுத்தது திரும்பாமலும் போகும். அதைத் தடுக்க முயல வேண்டாம்.