இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு

செஞ்சிப் பேரூராட்சி மன்ற உறுப்பினர்களே, ஒன்றியக் குழு உறுப்பினர்களே, வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் இன்றோ நாளையோ புதுக் கட்டடம் கேட்டுக் கோப்பு அனுப்பப் போகிற அதிகாரிகளே, இந்த வேண்டுகோள் உங்களுக்கு. அடுத்த அரசுக் கட்டடத்துக்கு இடம் பார்க்கக் கிளம்பும்போது ஜீப்பில் ஏறாதீர்கள். செஞ்சிப் பேருந்து நிலையத்துக்குப் போய் நில்லுங்கள். ஆலம்பூண்டியிலிருந்தோ அனந்தபுரத்திலிருந்தோ கையில் துணிப்பையோடு வந்து இறங்கும் எழுபது வயது அம்மா ஒருவர் வெயிலில் எவ்வளவு தூரம் நடப்பார் என்று பாருங்கள். அவர் கால் தாங்கும் தூரத்துக்குள் இடம் தேடுங்கள். அதற்கு அப்பால் எவ்வளவு விசாலமான மனை கிடைத்தாலும், மலிவாகக் கிடைத்தாலும், தானமாகவே கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இதை இப்போதே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராத்தியரின் ராணுவ நிலப்பரப்பு என்று சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருப்பது செஞ்சி மட்டும்தான். இனிப் பயணிகள் கூடுவார்கள். தங்கும் விடுதிகளும் சாலைத் திட்டங்களும் பின்னாலேயே வரும். ஊருக்குள் மனையின் விலை ஏறும். அப்போது, “இந்தப் பழைய ஆபீஸெல்லாம் எதற்கு ஊர் நடுவில்? வெளியே கொண்டுபோய்ப் பெரிதாகக் கட்டிக்கொள்ளலாமே” என்ற பேச்சு எழும். தமிழ்நாட்டில் வளர்ந்த ஊர்கள் பலவற்றில் எழுந்த பேச்சுதான் இது. எழுந்த பிறகு தடுப்பது கடினம். ஒருமுறை கட்டிவிட்டால் இரண்டு தலைமுறைக்கு அந்தக் கட்டடம் அங்கேதான் நிற்கும்.

அந்த அலுவலகங்கள் கோட்டையின் பக்கம் போகவும் முடியாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம் இப்படிச் சொல்கிறது. ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கோட்டையை ஊடுருவித்தான் திருவண்ணாமலைச் சாலை போகிறது. ஆகவே அந்தத் திசையில் கைவைக்க முடியாதவர்களின் பார்வை திண்டிவனம் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் சேத்துப்பட்டுச் சாலையிலும் ஊர் முடியும் இடத்துக்குப் போகும். ஊர் முடிந்த பிறகும் போகும். அங்கேதான் உங்களைக் கைபிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஆட்சி இடம் மாறினால் ஊர் என்ன ஆகும் என்று மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். செஞ்சிக்காரர்கள் தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தால் போதும். நாயக்கர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் 1690களில் மராத்திய அரசையே இங்கு உட்கார்ந்து நடத்தினார். 1698இல்தான் கோட்டை முகலாயர் கைக்குப் போனது. 1714இல் நம் ராஜா தேசிங்கு போரில் விழுந்ததை ஊர் ஊராகப் பாடினோம். அதே காலத்தையொட்டிக் கர்நாடக நவாபின் தலைமையிடம் செஞ்சியை விட்டு ஆர்க்காட்டில் நிலைத்ததை யாரும் பாடவில்லை. செஞ்சியின் நீரும் காற்றும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். தேசிங்கின் சாவைவிட அந்த மாற்றம்தான் இந்த ஊரின் தலையெழுத்தை ஆழமாக மாற்றியது என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், 1761இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களுக்கு இது காவல் வைக்கும் இடமாக இருந்தது. வழக்குத் தீர்க்கிற, வரி வாங்குகிற, மக்கள் வந்து நிற்கிற இடமாக இல்லை. கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் எடுத்துப்போனார்கள். இன்றைக்கும் புதுச்சேரிக் கடற்கரையில் அவை நிற்கின்றன. கேட்க ஆளில்லாத ஊரிலிருந்துதான் தூணைப் பெயர்த்துக்கொண்டு போக முடியும்.

அண்மைக் கதையும் ஒன்று உண்டு. 1993 செப்டம்பர் 30 வரை நாம் தென்னார்க்காடு மாவட்டம். கலெக்டர் இருந்தது கடலூரில். ஒரு மனுக் கொடுக்க விடியுமுன் கிளம்பி, விழுப்புரத்தில் வண்டி மாறி, கடற்கரை ஊர் வரை போய்வர வேண்டும். “சாயங்காலம் வா” என்று சொல்லிவிட்டால் அன்றைய இரவு அங்கேதான். விழுப்புரம் தனி மாவட்டமானதும் அந்தத் தூரம் ஏறக்குறையப் பாதியானது. பிறகு செஞ்சி வட்டத்திலிருந்தே மேல்மலையனூர் தனி வட்டமானது. இந்த மாற்றங்களுக்கெல்லாம் பெரியவர்கள் மனு எழுதினார்கள், தெருவில் இறங்கினார்கள். அலுவலகம் மக்களை நோக்கி வர வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. அப்படிக் கேட்டு வாங்கிய அலுவலகத்தை ஊருக்கு வெளியே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டால் அந்த உழைப்புக்கு என்ன பொருள்?

நம் கண்முன்னே நடந்ததைப் பாருங்கள். 2019இல் நம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. அதன் ஆட்சியர் அலுவலகத்துக்கு நகரத்துக்கு வெளியே வீரசோழபுரத்தில் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலம் தேர்வானது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தூத்துக்குடியில் ஆட்சியரைப் பார்க்க நகரத்தைத் தாண்டிக் கோரம்பள்ளம் போக வேண்டும். எல்லா இடத்திலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: அங்கே நிலம் இருந்தது. நிலம் இருக்கிறது என்பது அரசின் வசதி. வந்து போகிறவரின் வசதியை யார் கணக்கில் எடுத்தார்கள்?

சென்னையை அடுத்த கிளாம்பாக்கத்தை நம்மில் எத்தனையோ பேர் உடம்பால் அறிந்திருக்கிறோம். 2023 டிசம்பர் 30 அன்று புதுப் பேருந்து முனையம் திறந்தார்கள். கோயம்பேட்டு நெரிசலைக் குறைக்க ஒரு புது இடம் தேவைப்பட்டது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து ரயில் நிலையமும் மெட்ரோவும் தயாராகுமுன்பே பேருந்துகளை அங்கே நிறுத்திவிட்டார்கள். மருத்துவத்துக்காகச் சென்னைக்குப் போகிற நோயாளி, மூட்டையோடு போகிற கட்டடத் தொழிலாளி, கைக்குழந்தையோடு போகிற பெண் எல்லாரும் அங்கே இறங்கி, அடுத்த வண்டிக்கு அலைந்தார்கள். முதலில் இடத்தை மாற்றுவோம், வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எளியவர் முதுகில்தான் ஏறி உட்காருகிறது. சொந்தக் கார் உள்ளவருக்குக் கிளாம்பாக்கமும் ஒன்று, கோயம்பேடும் ஒன்று.

செஞ்சிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அது ஏன் இந்த மாதம் வரவில்லை என்று கேட்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருகிறவர், பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்குப் போக வர இருநூறு கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும்? இரண்டு முறை அலைந்தால்? 2021 மே முதல் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் காசில்லாமல் போகலாம். பெரிய உதவி அது. ஆலம்பூண்டிப் பெண்ணுக்கும் நல்லாண்பிள்ளைபெற்றாள் பெண்ணுக்கும் அந்த உதவி பேருந்து நிற்கிற இடத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் அவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் விலை வைக்கப் போகிறவர்கள் நீங்கள்.

கிராமத்து ஆள் ஒரே ஒரு வேலைக்காகச் செஞ்சிக்கு வருவதில்லை. மார்க்கெட் கமிட்டியில் நெல் போட வருவார். அப்படியே வாரிசுச் சான்று என்ன ஆயிற்று என்று கேட்பார். அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குவார். காந்தி பஜாரில் பிள்ளைக்குச் சட்டை எடுப்பார். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவருக்குப் பட்டா மாறுதல் மனு ஒன்று மடியில் இருக்கும். ஒரு நாள் கூலியை விட்டு வருகிற அவருக்கு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால்தான் அந்த நாள் பலன் தரும். அலுவலகத்தை மட்டும் பிடுங்கி வெளியே நட்டால், ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். பத்திரம் எழுதுகிறவர், ஜெராக்ஸ் கடைக்காரர், டீக்கடைக்காரர் இவர்களின் பிழைப்பும் கூடவே பெயரும்.

நெரிசலைக் காட்டிப் பேசுகிறவர்களை நான் ஒதுக்கவில்லை. கூட்டுரோட்டில் மாலை நேரத்தில் நிற்கிறவருக்கு அது தெரியும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பதும் தெரியும். ஆனால் நடந்து வருகிறவரால் நெரிசல் வருவதில்லை. கண்டபடி நிறுத்திய வண்டிகளாலும் நடைபாதையே இல்லாத சாலையாலும் வருகிறது. அதைத் திருத்துங்கள். குப்பை வண்டிகள் நிற்கிற இடம், உரக்கிடங்கு, பறிமுதல் வாகனங்கள் குவிந்து கிடக்கிற இடம், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கிற கோப்பறைகள் ஆகியவை ஊருக்கு வெளியே போகட்டும், தடையில்லை. மனுவும் கையுமாக மக்கள் வருகிற அறை ஊருக்குள் இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் பழைய கட்டடத்தை இடித்து அதே மனையில் மாடி கட்டுங்கள். மக்கள் வருகிற பிரிவு எல்லாம் தரைத்தளத்தில், சாய்வுப் பாதையோடு.

இனி எல்லாம் இ-சேவையில் முடிந்துவிடும், ஆபீஸ் எங்கே இருந்தால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. விண்ணப்பம் போடுவது கணினியில் முடிகிறது. அது நிராகரிக்கப்பட்டால், பெயரில் ஓர் எழுத்துப் பிழையென்றால், அண்ணன் தம்பி பாகத்தில் அளவு தவறியிருந்தால், ஜமாபந்தியில் மனுக் கொடுக்க வேண்டுமென்றால் ஆள்தான் போக வேண்டும். சிக்கலில் இருப்பவர்தான் நேரில் வருகிறார். அவரைத்தான் நீங்கள் தூரத்துக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

வெளிநாட்டிலும் இந்தப் பாடத்தைக் கற்று வருகிறார்கள். அலுவலகங்களும் கடைகளும் வெளியே போய் ஊர் நடு வெறிச்சோடியதைப் பார்த்த ஸ்காட்லாந்து அரசு, உள்ளாட்சிகளோடு சேர்ந்து 2014இல் ஒரு கொள்கையை ஏற்றது: எந்தப் பொதுக் கட்டடம் என்றாலும் முதலில் ஊர் நடுவில் முடியுமா என்று பார், முடியாவிட்டால் ஏன் என்று காட்டு. நாம் அங்கே போய்க் கற்க வேண்டியதில்லை. உத்திரமேரூரில் ஊர்ச்சபை கூடிய மண்டபம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற விதிகளை அந்தச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவருக்குச் சபையில் இடமில்லை என்பதும் அவற்றில் ஒன்று.

இங்கே கணக்கு என்பது பணக்கணக்கு மட்டுமா? இடத்தை யார் முடிவு செய்தார், எந்த நாளில், வேறு எந்த இடங்களைப் பார்த்து வேண்டாம் என்றார், தேர்ந்த மனையைச் சுற்றி நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்குத்தான். அலுவலகம் வரப்போகிறது என்ற பேச்சு ஒன்றே மனையின் விலையை ஏற்றிவிடும். மன்ற உறுப்பினர் எவருக்காவது, அவர் உறவினருக்காவது பக்கத்தில் நிலமிருந்தால், அவர் தாமே எழுந்து அதைச் சொல்லிவிட்டு அந்தத் தீர்மானத்திலிருந்து விலக வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஊர் உங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறது.

நிலம் தருகிற பெரிய மனிதர்களே, உங்கள் தானத்தை மதிக்கிறேன். நான்கு ஏக்கர் கொடுத்து அதைச் சுற்றியுள்ள நாற்பது ஏக்கரை மனையாக்குவது தானமாகாது. ஊருக்குள் பத்து சென்ட் கொடுங்கள். உங்கள் பெயரை ஊர் பேரன் காலம் வரை சொல்லும்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பந்தல் போட்ட பிறகு மறியல் செய்து பயனில்லை. பொதுமக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளின் விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவில் சொல்கிறது. கேளுங்கள். கிராமங்களில் கிராம சபை உண்டு. அங்கே தீர்மானம் போடுங்கள், ஏனென்றால் இந்த அலுவலகங்கள் செஞ்சி ஊர்க்காரர்களுக்கு மட்டும் உரியவை ஆகா. பேரூராட்சிக்குள் பகுதி சபையைக் கூட்டச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினரை நெருக்குங்கள். கடைக்காரர்கள் தங்கள் கடைவாசலை மட்டும் நினைத்துப் பேசாமல், பஸ்ஸில் வருகிறவருக்காகவும் பேசுங்கள்.

உறுப்பினர்களே, புதுக் கட்டடம் பற்றி எந்தக் கோப்பும் உருவாகுமுன், அடுத்த மன்றக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து அளந்த தூரம் ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு என்று அதில் எழுதுங்கள். பார்த்த எல்லா இடங்களின் சர்வே எண்ணையும் உரிமையாளர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பழைய கட்டடம் காலியானால் அதை நூலகமாகவோ வேறு பொதுப் பயனுக்கோ எந்த மாதத்துக்குள் திறப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். பேரூராட்சி அறிவிப்புப் பலகையிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டி, ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் கொடுங்கள். வந்த ஆட்சேபணைகளுக்கு எழுத்தில் பதில் சொன்ன பிறகு கோப்பை விழுப்புரத்துக்கு அனுப்புங்கள்.