இருவர் இருவராக



இன்று வாசிக்கக் கேட்ட நற்செய்தியில், மாற்கு 6ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் பன்னிருவரையும் இரண்டிரண்டு பேராக வழியனுப்புகிறார். உணவு கூடாது, பை கூடாது, இடைக்கச்சையில் காசு கூடாது, மாற்று அங்கியும் கூடாது. கையில் தடி இருக்கலாம், காலில் மிதியடி இருக்கலாம், அவ்வளவுதான். இத்தனையையும் வேண்டாம் என்று சொன்னவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுத்தார்: கூட நடக்க ஓர் ஆள்.

நம் பங்கில் அண்மையில் மணமுடித்த பல பிள்ளைகள் இப்போது முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் ஞாயிறுதான் திரும்புகிறார்கள். ஞாயிறு பூசையைத் தவறவிடுகிறார்களே என்று பெரியவர்கள் சிலருக்கு இதில் வருத்தம். ஞாயிறு மாலையும் பூசை உண்டு பிள்ளைகளே. வலிக்கும் முட்டியோடு முழந்தாளிடுவதும் ஒரு காணிக்கைதான். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திப் பாதயாத்திரை போகிறவர்கள் நாம். நடந்தால் மனம் தெளியும் என்பதை இந்தப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்றிருப்பார்கள்.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் பாருங்கள். பெங்களூரில் ஒருவருக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, மற்றவருக்கு எலக்ட்ரானிக் சிட்டியில். ஒருவர் பகல் ஷிஃப்ட், மற்றவர் அமெரிக்க நேரம். ஒரே வீட்டில் இருந்தும் பார்த்துப் பேச நேரமில்லை. பணியிலிருந்து திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து இளைப்பாறச் சொன்னதும் அதே ஆண்டவர்தான், அதே அதிகாரத்தில்தான். ஆகவே போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. எப்படிப் போவது என்பதைச் சொல்கிறேன்.

முதலில், பை வேண்டாம் என்ற கட்டளையைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். சீடர்கள் போனது ஊர்களுக்கு. தட்டினால் திறக்க அங்கே வீடுகள் இருந்தன, சோறு போட மனிதர்கள் இருந்தார்கள். காட்டில் தட்டுவதற்குக் கதவு இல்லை. ஒரு வீடு தரக்கூடிய கூரை, தண்ணீர், போர்வை, மருந்து எல்லாவற்றையும் நாமே சுமந்தாக வேண்டும். ஆண்டவர் தடியையும் மிதியடியையும் விலக்கவில்லையே! நடக்கிற காலுக்குத் தேவையானதை அவர் மறுக்கவில்லை. எதுவும் இல்லாமல் காட்டுக்குள் நுழைந்துவிட்டுக் கடவுள் காப்பார் என்பது விசுவாசம் அல்ல, ஆண்டவரைச் சோதிப்பது.

சிறியதில் தொடங்குங்கள். மாகடி பக்கம் சாவனதுர்கா இருக்கிறது. 1,226 மீட்டர் உயரமுள்ள பாறை மலை. விடியலில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். காலணி கடிக்கிறதா, பையின் பட்டை தோளை அறுக்கிறதா, தாகம் எடுத்தால் யாருக்குக் கோபம் வருகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். குமார பர்வதத்துக்கு அதற்குப் பிறகு போகலாம். குக்கே சுப்ரமண்யா பக்கமிருந்து ஏறினால், ஏறக்குறைய கடல்மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து 1,712 மீட்டர் உச்சிக்கு நடக்க வேண்டும். போக வர 20 கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் காலெல்லாம் அட்டை, கோடையில் மேட்டில் தண்ணீர் கிடைப்பது அரிது. அது புஷ்பகிரி வனவிலங்குச் சரணாலயம். யானை நடமாடும் காடு.

2024 குடியரசு நாள் விடுமுறையில் அந்த மலைப்பாதையில் கூட்டம் நெரிந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன்பின் கர்நாடக வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைத்து, பிறகு ‘அரண்ய விஹார’ இணையதளத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கே அனுமதி என்றும், ஒரு பாதைக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்றும் வரம்பு வைத்தது. இதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிர்களைக் கொண்டுபோனது. மணமாகிச் சில மாதங்களே ஆன தம்பதியரும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம். கோடையில் காய்ந்த புல்வெளிக்குள் போகாதிருப்பதும், அனுமதி பெற்றுப் போவதும், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் ஐந்தாம் கட்டளையைச் சேர்ந்தவை. கொலை செய்யாதே என்ற கட்டளை நம் சொந்த உயிரையும், கூட வருகிறவரின் உயிரையும் சேர்த்தே காக்கிறது.

அடுத்தது சுமை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்பது மலையேறுபவர்கள் சொல்லும் கணக்கு. கணவர் 70 கிலோ, மனைவி 50 கிலோ என்றால், அவருக்கு 14, இவருக்கு 10. ஆளுக்குப் பன்னிரண்டு என்று பிரித்தால் சமம்தான், ஆனால் நீதி அல்ல. சில வீடுகளில் மனைவிதான் வலுவானவர். அங்கே கணக்கு மாறும், கணவர் வெட்கப்பட வேண்டியதில்லை. டென்ட்டின் துணியை ஒருவரும் கம்பிகளை மற்றவரும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து வந்தால்தான் அன்றிரவு கூரை. தண்ணீரையும் டார்ச்சையும் மட்டும் பிரிக்காதீர்கள், அவை இருவரிடமும் இருக்கட்டும். தொடக்கத் திருச்சபையில் அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் சொல்கிறது. சுமையை அவரவர் வலுவுக்கேற்பப் பகிர்வதும் அந்தப் பாடம்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மலைப்பாதையில் அடிக்கடி காணும் காட்சி இது. வேகமாக நடப்பவர் முன்னே போய்விடுவார். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடிகாரத்தைப் பார்ப்பார். பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், ‘வந்துட்டியா, சரி, போகலாம்’ என்று எழுந்துவிடுவார். களைத்தவருக்கு ஓய்வே இல்லை. களைக்காதவருக்கு எல்லா ஓய்வும் கிடைத்துவிட்டது! ‘உனக்காகத்தானே காத்திருந்தேன்’ என்று அவர் உண்மையாகவே நம்புவார். அது காத்திருத்தல் அல்ல. மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். அவருடைய வேகமே இருவரின் வேகம். அவர் திரும்பலாம் என்றால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புங்கள். மலை அங்கேயே இருக்கும்.

விவிலியத்தில் ஒரு தம்பதி உண்டு, அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று கிளவுதியு பேரரசர் ஆணையிட்டபோது, கிளம்பிக் கொரிந்துக்கு வந்தார்கள். அங்கே பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பின்பு எபேசுக்குக் கடல் கடந்தார்கள். புதிய ஏற்பாட்டில் இவர்களில் ஒருவர் பெயர் மட்டும் தனியாக வருவதே இல்லை. சில இடங்களில் அவர் பெயர் முன்னால், சில இடங்களில் இவர் பெயர் முன்னால். யார் முன்னே என்ற வழக்கு அவர்களுக்குள் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர்விட்டு ஊர் போன அந்த வீட்டில் ஒரு திருச்சபையே கூடியது.

மலைப் பக்கமே போகாத பெரியவர்களே, இது உங்களுக்கும்தான். ஓய்வு பெற்ற கணவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மனைவிக்கு நினைவு தடுமாறுகிறது, படிக்க முடியாத பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கிறது. வீட்டில் முன்னே நடந்துவிட்டு, ‘இன்னும் வரலையா?’ என்று கேட்பவர் நம்மில் யார்? கூட நடக்க ஆள் கொடுத்த ஆண்டவர், அந்த ஆளை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று நம்மிடம் கேட்பார்.

எலியா பாலைநிலத்தில் சோர்ந்து படுத்தபோது, வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் எழுப்பிக் கொடுத்தார். அந்த உணவின் வலிமையால் அவர் ஓரேபு மலைவரை நடந்தார். சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் நமக்கும் வழியுணவு பகிரப்படும். அதை வாங்க வரிசையில் வரும்போது தம்பதியர் சேர்ந்தே வாருங்கள். வேகமானவர் மெதுவானவருக்குப் பின்னால் நில்லுங்கள். இந்த வாரம் முழுவதும் வீட்டிலும் அந்த வரிசை மாறாமல் இருக்கட்டும். ஆமென்.