வெட்டியபின் உளியை எங்கே வைப்பது?

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. சுங்கை செம்பிலாங்கில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கணினியைத் திறந்தபோது, லினக்ஸ் கெர்னலில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகச் செய்தி பரவிக்கொண்டிருந்தது. நான் முன்பு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் சர்வர்களும் அதே வகைதான். பல சிறு கடைகளின் சம்பளக் கணக்கு அதில் இருக்கிறது. நான் அங்கிருந்து விலகி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு சந்தேகத்தில் என் பழைய சாவியைப் போட்டுப் பார்த்தேன். திறந்துகொண்டது.

'வேலை முடியற வரைக்கும் தற்காலிகமா வெச்சிக்குங்க' என்று சொல்லிக் கொடுத்த சாவி அது. யாரும் திரும்பக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. உள்ளே போனேன், சர்வரை நிறுத்தாமலேயே ஓட்டையை அடைத்தேன், வெளியே வந்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னேன், அவருக்குப் புரிகிற மாதிரி.

"அவங்க ஒன்ன கூப்புட்டாங்களா?"

"இல்லமா. ஆனா நான் செய்யலனா யாராச்சும் பூந்திருப்பான்."

"அது சரி. கூப்புட்டாங்களானு கேட்டேன்."

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்கான பதிலைத் தேடித்தான்.

முதலில் அந்த ஓட்டை எப்படி அடைக்கப்படுகிறது என்று சொல்ல வேண்டும். கணினியில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் அடியில் இருப்பது கெர்னல். நினைவகத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எந்த நிரலை எப்போது ஓடவிடுவது என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. அதன் கட்டளைகளும் நினைவகத்தில்தான் இருக்கின்றன, பக்கம் பக்கமாக. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். ஒவ்வொரு பக்கத்துக்கும் அனுமதி உண்டு: படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். எழுதக்கூடிய பக்கம் ஓடக் கூடாது, ஓடக்கூடிய பக்கத்தில் எழுதக் கூடாது என்பது பாதுகாப்பின் அடிப்படை விதி. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் 2003-லேயே இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து கிடைத்தால், உள்ளே நுழைந்த திருடன் தன் கட்டளையை எழுதி, அதையே ஓட்டவும் செய்வான்.

ஆனால் கெர்னல் சில நேரங்களில் தன்னையே திருத்தியாக வேண்டும். பிழையைக் கண்காணிக்க ஓர் இடத்தில் கண்ணி வைக்க வேண்டும். தேவையில்லாத ஒரு கிளையை மூட வேண்டும். நிறுத்த முடியாத சர்வரில் கெட்டுப்போன ஒரு செயற்கூற்றை விட்டு நல்லதற்குத் திருப்பிவிட வேண்டும். அப்படியென்றால், எழுதவே கூடாத இடத்தில் எழுத வேண்டும். அதுவும் மற்ற கோர்கள் அதே கட்டளைகளை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே.

முன்பு லினக்ஸ் இதற்கு ஒரு பக்கவாசல் வைத்திருந்தது. அந்தப் பக்கத்துக்கு இன்னொரு முகவரியில், எழுதும் அனுமதியோடு, சிறிது நேரத்துக்கு ஒரு மாற்று வழி திறக்கப்படும். எழுதி முடித்ததும் மூடப்படும். சிக்கல் என்னவென்றால், அந்த வழி கெர்னலின் பொது முகவரிவெளியில் இருந்தது. அது திறந்திருக்கும் கணத்தில் வேறொரு கோரில் காத்திருக்கும் திருடனும் அதே வழியாக எழுதலாம். சின்ன சன்னல்தான். ஆனால் சன்னல்.

2019-இல் நடாவ் அமித்தும் வேறு சிலரும் சேர்ந்து எழுதிய திருத்தங்கள் லினக்ஸ் 5.2-இல் இதை மாற்றின. இப்போது திருத்தும் வேலைக்கென்று தனியாக ஒரு முகவரிவெளி இருக்கிறது. திருத்த வேண்டிய கோர் தன் குறுக்கீடுகளை நிறுத்திவிட்டு, அந்தத் தனி வெளிக்குள் போகிறது. கணினி துவங்கும்போது குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஒரு முகவரியில் அந்தப் பக்கம் மட்டும், தேவைப்பட்டால் அடுத்த பக்கமும், எழுதும் அனுமதியோடு தெரியும். எழுதுகிறது. வழியை அழிக்கிறது. பழைய வெளிக்குத் திரும்புகிறது. தன் நினைவில் ஒட்டியிருக்கும் அந்த முகவரியையும் துடைக்கிறது. பிறகு, எழுத நினைத்ததும் எழுதப்பட்டதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறாக இருந்தால் பேசாமல் தொடர்வதில்லை, பெரிய பிழையென்று அறிவித்துவிடுகிறது. இவ்வளவும் நடக்கையில் மற்ற கோர்களுக்கு அப்படி ஒரு வழி இருந்ததே தெரியாது.

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் இன்டெல் வகைச் சில்லுகளில் ஒரு கட்டளை ஒரு பைட்டாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். பாதி பழையது, பாதி புதியது என்ற நிலையில் இன்னொரு கோர் வந்து சேர்ந்தால் கதை முடிந்தது. அதனால் முதலில் முதல் பைட்டில் மட்டும் ஒரு 'நில்' கட்டளை வைக்கிறார்கள். யார் வந்தாலும் அதில் தடுக்கி, செய்ய வேண்டியதை வேறு வழியில் செய்துகொள்வார்கள். பிறகு மிச்சப் பைட்டுகள். கடைசியாக முதல் பைட். ஒவ்வொரு படிக்கும் நடுவில் எல்லாக் கோர்களும் பார்த்துவிட்டனவா என்று உறுதி செய்துகொள்ளப்படும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "இதத்தானே நாங்க தினைக்கும் செஞ்சோம்" என்றார்.

அம்மா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தோரு வருடம் பால்மரம் வெட்டியவர். இந்த வட்டாரத்தில்தான், பத்தாங் பெர்சுந்தையில், 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பிற்காலத்தில் செம்பனை எல்லாவற்றையும் விழுங்கியது. அதுவரை எங்கள் பக்கம் ரப்பர்தான். பால்வெட்டு என்பது உயிரோடிருக்கும் ஒன்றை, அதை நிறுத்தாமல், வெட்டுகிற வேலை. பட்டையைச் சீவ வேண்டும், ஆனால் அதற்கு உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தைத் தொடக் கூடாது. நடுவில் விட வேண்டியது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், சில வருடம் கழித்து அந்தப் பக்கத்துக்குத் திரும்பும்போது உளி ஓடாது. அதாவது இன்றைய தவறின் தண்டனை, அப்போது அந்த நிரையில் யார் நிற்கிறாரோ அவருக்கு.

அம்மா சொன்ன இரண்டு விஷயங்கள் மனதில் நின்றுவிட்டன. ஒன்று, வெட்டி முடித்த உளியை மரத்தடியில் விட்டுவிட்டு வரக் கூடாது. இரண்டு, "அடுத்தவ நிரையில உளி வெக்கக்கூடாது. அவ வரலனாலும் வெக்கக்கூடாது. மண்டோருகிட்ட சொல்லணும். அவரு ஆள் போடுவாரு." பால் வீணாகிறதே என்ற நல்லெண்ணம் காரணமாகாது.

இங்கே எனக்கு ஒரு மறுப்பு தோன்றியது. அடுத்தவர் வீட்டில் தீப்பிடித்தால் கூப்பிட்டால்தான் போவேன் என்றா நிற்பது? நிற்கக் கூடாதுதான். ஆனால் தீயணைக்கப் போகிறவன் கத்திக்கொண்டே போவான். தெரு முழுக்கத் தெரியும். நான் போனது அப்படியில்லை. தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. அழைத்திருக்கலாம். அழைக்காததற்குக் காரணம் அவசரம் இல்லை. அழைத்தால் 'உங்ககிட்ட இன்னும் சாவி இருக்கா?' என்று கேட்பார்கள். அந்தச் சாவி என்னிடம் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒப்புக்கொள்ள இவ்வளவு நாளாகிவிட்டது.

தற்காலிக அதிகாரத்தின் உண்மையான ஆபத்து அது கொடுக்கப்படும் கணத்தில் இல்லை, எடுக்கப்படாத கணங்களில் இருக்கிறது. கணினியில் இதற்கு ஒரு துல்லியமான வடிவம் உண்டு. முகவரிப் பட்டியலில் ஓர் அனுமதியை அழித்துவிட்டாலும், ஒவ்வொரு கோரும் வேகத்துக்காகத் தனக்கென்று வைத்திருக்கும் சிறிய குறிப்பேட்டில் பழைய அனுமதி இன்னும் இருக்கலாம். சட்டப்படி கதவு மூடியாகிவிட்டது, பழக்கப்படி திறந்தே இருக்கிறது. 2019-இன் திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: மற்ற கோர்களுக்கு அந்த வழி ஒருபோதும் காட்டப்படுவதில்லை, ஆகவே அவற்றை மறக்கச் சொல்ல வேண்டியதும் இல்லை. கற்றுக்கொடுக்காததை மறக்கடிக்க வேண்டாம்.

நம் நாட்டில் அப்படி நடக்கவில்லை. 1969 மே மாதக் கலவரத்துக்குப் பின் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில் மீண்டும் கூடியது. இயல்பு வாழ்க்கை திரும்பியது. பிரகடனம் மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. அதன் கீழ் வந்த அவசரகாலச் சட்டம் ஒருவரை விசாரணையின்றி இரண்டு ஆண்டு வரை அடைத்து வைக்க அனுமதித்தது. 42 ஆண்டுகள் கழித்து, 2011 ஜூலையில், சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் உட்பட மலேசிய சோசலிசக் கட்சியினர் ஆறு பேர் அதே சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில்தான் நாடாளுமன்றம் பிரகடனத்தை ரத்து செய்தது. என் சாவி ஏழு மாதம். இது 42 வருடம். அந்த நாள்களில் பிறந்தவர் பேரன் பேத்தி எடுக்கும் காலம் வரை 'தற்காலிகம்'.

2012-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் போய் சொஸ்மா வந்தபோது, ஒரு பாடம் கற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. போலீஸ் ஒருவரை 28 நாள் வரை வைத்திருக்கும் பிரிவுக்கு ஐந்தாண்டு ஆயுள். தொடர வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். 2017-இல் கேட்டார்கள், கிடைத்தது. 2022 மார்ச்சில் கேட்டபோது 84-க்கு 86 என்று தோற்றது. ஜூலையில் மறுபடி கேட்டு வாங்கினார்கள். இதைக் கேலி செய்வது எளிது. ஆனாலும் கேட்க வேண்டியிருந்தது, ஒருமுறை இல்லை என்ற பதில் வந்தது என்பது சின்ன விஷயமில்லை. 1971 முதல் 2011 வரை தவணை முடிந்து யாரும் கேட்டே ஆக வேண்டிய ஒரு நாள் வந்ததில்லை.

ஆனால் கெர்னலைக் காட்டி அரசியலுக்குப் பாடம் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு இடங்களில் அந்த ஒப்புமை நிற்காது.

முதலாவது அளவு. திருத்த வேண்டியது ஐந்து பைட். திறக்க முடிந்த ஆகச் சிறிய கதவு 4096 பைட். இவ்வளவு கவனமான இடத்திலேயே அனுமதி தேவையைவிட எண்ணூறு மடங்கு பெரிது. மனிதர் எழுதும் சட்டத்தில் அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். பயங்கரவாதத்துக்கென்று வைத்த சொஸ்மாவில் 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பென்று பன்னிரண்டு பேரைப் பிடித்தார்கள். இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள். 2020 பிப்ரவரியில் அத்தனை பேர் மீதான குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன.

இரண்டாவது இன்னும் முக்கியம். எழுதி முடித்தபின் கெர்னல் ஒப்பிட்டுப் பார்ப்பது, எழுதச் சொன்னது சரியாக எழுதப்பட்டதா என்பதை. எழுதச் சொன்னதே சரியா என்பதை அது கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. தவறான திருத்தத்தை மிகப் பத்திரமாக, ஒரு பைட் பிசகாமல், அதே முறையில் உள்ளே வைக்கலாம். முறை சுத்தமாக இருப்பதால் செய்ததும் சுத்தமாகிவிடாது. என்னுடையது நேர்மாறு: திருத்தம் சரி, முறை தவறு. அதனால் என்னை மன்னித்துக்கொள்ளலாமா என்று பல நாள் யோசித்தேன். முடியாது என்றுதான் தோன்றுகிறது. அன்று நான் எழுதியது சரியாக இருந்தது என்பதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. மரத்தில் காயம் இருக்கிறதா என்று மண்டோர் வந்து பார்ப்பார். என் வேலையைப் பார்க்க யாரும் வரவில்லை, அது நடந்ததே யாருக்கும் தெரியாது.

திங்கள்கிழமை அவர்களுக்கு எழுதினேன். சாவி இன்னும் வேலை செய்கிறது, வெள்ளி இரவு உள்ளே வந்தேன், இன்னின்ன செய்தேன், வேறொருவரை வைத்துச் சரிபாருங்கள், என் சாவியை எடுத்துவிடுங்கள். பதில் இரண்டு வரி. நன்றி, எடுத்துவிட்டோம், இனி இப்படிச் செய்ய வேண்டாம். அவர்களிடமிருந்து அடுத்து வர வேண்டியிருந்த ஒரு வேலை வரவில்லை. கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவே எடுத்துட்டாங்களா, பாத்தியா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒரே வழி, அந்தச் சாவியை இன்னொருமுறை போட்டுப் பார்ப்பதுதான்.