உழவு இயந்திரம் யாருக்குச் சொந்தம்?

ஒரு சமுதாயம் தன் ஓய்வு வேளையில் எதை விளையாடுகின்றது என்பது, அச்சமுதாயம் எதை விரும்புகின்றது என்பதையும் எதைக் காண விரும்பவில்லை என்பதையும் ஒருங்கே புலப்படுத்தி விடுகின்றது. விளையாட்டுத்தானே என்று இத்தகைய விடயங்களை ஒதுக்கிவிடும் மனப்பான்மை கற்றோரிடையே உண்டு. ஆனால், கருத்துக்கள் பாடநூல்கள் வாயிலாக மட்டும் பரவுவதில்லை. பொழுதுபோக்கின் வாயிலாக உள்ளத்திற் புகும் கருத்து, எவரும் அதனைக் கருத்தென்று இனங்காணாத காரணத்தினாலேயே ஆழமாக வேரூன்றி விடுகின்றது.

சுவிற்சர்லாந்து நிறுவனமாகிய ஜயன்ற்ஸ் சொப்ட்வெயார் 2008 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் ‘பார்மிங் சிமியுலேற்றர்’ என்னும் கணினி விளையாட்டு இவ்வகையில் எமது கவனத்துக்குரியது. இதில் துப்பாக்கி இல்லை, போரும் இல்லை. விளையாடுபவர் ஒரு கமக்காரர். சிறியதோர் உழவு இயந்திரத்துடனும் சில கருவிகளுடனும் அவர் தொழிலைத் தொடங்குகின்றார். உழுது, விதைத்து, பசளையிட்டு, அறுவடை செய்து, விளைந்ததை விற்கின்றார். கிடைத்த பணத்தைக் கொண்டு பழைய இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுக் குதிரைவலு கூடிய வேறொன்றை வாங்குகின்றார். ஒரே ஓட்டத்தில் மும்மடங்கு நிலத்தை உழும் அகன்ற கலப்பை வருகின்றது. பெரிய அறுவடை இயந்திரம் வருகின்றது. அதற்கு ஏற்ற நிலம் போதாமையால் அடுத்த வயலும் வாங்கப்படுகின்றது. 2024 இல் வெளிவந்த பதிப்பில் நானூறுக்கும் மேற்பட்ட இயந்திரங்களும் கருவிகளும் இடம்பெற்றுள்ளன. அவை கற்பனைப் பொருள்களுமல்ல. உண்மையான நிறுவனங்களின் பெயரும் நிறமும் தாங்கியவை.

இவ்விளையாட்டில் மக்கள் காணும் இன்பம் பொய்யானதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் முயற்சியின் பயனைத் தன் கண்ணாற் காண்பது மனிதனுக்கு இயல்பான மகிழ்ச்சி. உழுத சாலும் உழாத தரையும் தெளிவாகப் பிரிந்து தெரியும் ஒரு வயல், தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ நாள் முழுவதும் உழைத்தும் தன் உழைப்பின் முடிவைக் காணாத ஒருவருக்கு எத்துணை ஆறுதல் தரும் என்பதை உணர்வது கடினமன்று. சிறந்த கருவியின் மேற் கொள்ளும் ஆசையிலும் இழிவில்லை. முதுகு வளையச் செய்யும் வேலையை இலகுவாக்குவது மனித அறிவின் மேன்மையான சாதனைகளுள் ஒன்றாகும்.

பிரச்சினை இவ்வாசையில் இல்லை. விளையாட்டு இதற்கு அளிக்கும் விளக்கத்திலேயே உள்ளது. கருவியின் மேம்பாடு என்பது ஒரு தனிமனிதனுக்கும் அவனது பணத்துக்கும் இடைப்பட்ட விவகாரம் என்பதே அவ்விளக்கம். அவன் உழைத்தான், சேமித்தான், வாங்கினான், உயர்ந்தான். இடையில் வேறு எவருமில்லை.

உண்மையான வயலில் நடப்பது யாது? அமெரிக்கப் பொருளியலறிஞர் வில்லார்ட் கொக்ரேன் 1958 இல் இதனைத் தெளிவாக விளக்கினார். புதிய இயந்திரத்தை முதலில் வாங்கும் கமக்காரர் குறைந்த செலவில் கூடுதலாக விளைவித்து இலாபம் பெறுகின்றார். அதைக் கண்டு ஏனையோரும் வாங்குகின்றனர். சந்தையில் விளைபொருள் பெருகுகின்றது, விலை வீழ்கின்றது. இப்போது இயந்திரம் வாங்குவது முன்னேறுவதற்காக அன்று. நின்ற இடத்தில் நிற்பதற்காக. வாங்க இயலாதவர் தொழிலை விட்டு நீங்குகின்றார். அவரது நிலம் வாங்கியவரைச் சேர்கின்றது. காலடியிற் சுழன்றுகொண்டிருக்கும் பட்டியின் மேல் எவ்வளவு ஓடினாலும் இடம்பெயராதவனின் நிலைக்கு இதனை அவர் ஒப்பிட்டார். விளையாட்டிலோ இது ஏணியாகக் காட்சியளிக்கின்றது. தனியே விளையாடுபவருக்குப் போட்டியிடும் அயலவர் இல்லை. ஆகவே அவரது மேம்பாட்டினால் வீழ்பவரும் இல்லை. நிலப்படத்தில் ஒரு துண்டைத் தெரிந்து பணம் செலுத்தியதும் அது அவருடையதாகின்றது. அதில் முன்னர் குடியிருந்தவர் எங்கே போனார் என்ற கேள்விக்கு அங்கு இடமேயில்லை.

கூலியாளுக்கும் இதே கதிதான். ஒரு பொத்தானை அழுத்தினால் உதவியாள் ஒருவர் இயந்திரத்தில் ஏறிக்கொள்கின்றார். ஊதியம் கணக்கிலிருந்து கழிகின்றது. வேலை முடிந்ததும் மறைந்துவிடுகின்றார். அவருக்குக் குடும்பமில்லை, நோயில்லை, அடுத்த மாதம் என்பதுமில்லை. பெரிய இயந்திரம் வந்ததால் வேலையிழந்தவராக அவரை நாம் ஒருபோதும் சந்திப்பதில்லை.

கலிபோர்னியாவில் அத்தகையோரை உலகம் சந்தித்தது. அங்குள்ள அரசப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் தக்காளி அறுவடை இயந்திரம் ஒன்றை உருவாக்கினர். அதன் பிடியைத் தாங்கக்கூடிய தடித்த தக்காளி இனத்தையும் உருவாக்கினர். அவ்வியந்திரம் ஒன்றின் விலை 50,000 டொலருக்கு மேற்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அங்கு ஏறக்குறைய 4,000 பேர் தக்காளி பயிரிட்டனர். 1973 இல் அத்தொகை ஏறக்குறைய 600 ஆகச் சுருங்கியது. 1970களின் இறுதிக்குள் 32,000 வேலைகள் ஒழிந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. இத்தொகைகளை 1980 இல் தமது கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டிய லாங்டன் வின்னர், எவரும் சதி செய்யாமலே இது நிகழ்ந்தது என்பதை வற்புறுத்தினார். ஆய்வும் பல்கலைக்கழகமும் பெருங்கமத் தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒவ்வொரு படியும் ‘மேம்பாடு’ என்ற பெயரையே பெற்றது. பொதுமக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆய்வு சிலருக்கு மாத்திரமே பயன்படுகின்றது என்று 1979 இல் கமத் தொழிலாளர் சார்பில் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. இயந்திரம் கூடாது என்பது அவ்வழக்கின் சாரமன்று. எத்தகைய இயந்திரம், யாருடைய செலவில், யாருக்காக என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

“சதுரங்கத்திலும் காலாட்கள் விழுகின்றனர், அவர்களது மனைவி மக்களைப் பற்றி எவரும் கேட்பதில்லையே” என்று ஒருவர் இங்கு மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆனால் சதுரங்கம் தன்னை உண்மையான போர் என்று சொல்லிக்கொள்வதில்லை. இவ்விளையாட்டோ மெய்ம்மையையே தன் பெருமையாகக் கொண்டது. சில்லின் அகலம், இயந்திரத்தின் ஒலி, வண்ணப் பூச்சின் தேய்வு ஆகிய யாவும் உண்மைக்கு ஒப்பாக இருக்கவேண்டும் என்று அக்கறை கொள்ளும் ஒரு படைப்பு, மனித உறவுகளை மட்டும் விட்டுவிடுமாயின், அதுவும் ஒரு தெரிவுதான். பொருள்கள் மெய்யாகவும் மனிதர்கள் நிழலாகவும் தோன்றும் உலகத்தை அது எமக்குப் பழக்கப்படுத்துகின்றது.

ஆயினும் இவ்விடயத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. விளையாட்டில் இயந்திரம் பழுதுற்றால் பட்டறையிற் சிறு தொகை செலுத்தியதும் திருத்தம் முடிந்துவிடுகின்றது. உண்மை வாழ்வில் ஐக்கிய அமெரிக்கக் கமக்காரர் பலருக்கு இது கிட்டவில்லை. இன்றைய உழவு இயந்திரம் மென்பொருளினால் இயங்குவது. புதிய உதிரிப்பாகத்தைப் பொருத்தினாலும், அதனை இயந்திரம் ஏற்றுக்கொள்வதற்கு அங்கீகாரம் பெற்ற முகவரின் கணினி வந்து அனுமதிக்கவேண்டிய நிலை பல சந்தர்ப்பங்களில் உண்டு. அறுவடைக் காலத்தில் இரண்டு நாள் தாமதம் ஒரு போகத்தையே பாதிக்கக்கூடும். ஜோன் டியர் நிறுவனம் 2015 இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு அளித்த வாதத்தில், மென்பொருளைப் பொறுத்தவரை, இயந்திரத்தை வாங்கியவருக்கு அதன் ஆயுட்காலம் வரை அதை இயக்குவதற்கான உட்கிடையான அனுமதி மாத்திரமே உண்டு என்று கூறியது. இலட்சக்கணக்கான டொலரைச் செலுத்தியவர் உடைமையாளர் அல்லர், அனுமதி பெற்றவர்! கமக்காரரின் போராட்டத்தின் பயனாகக் கொலராடோ மாநிலம் 2023 இல் கம இயந்திரங்களைத் திருத்தும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்க மாநிலங்களுள் அதுவே முதலாவது. அச்சட்டம் 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் இரு மாநிலங்களும் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தன. நிறுவனம் குற்றச்சாட்டுக்களை மறுத்தது.

இதே நிறுவனத்தின் இயந்திரங்கள் 2018 இல் வெளிவந்த பதிப்பு முதல் விளையாட்டிலும் ஓடுகின்றன. அங்கு விளையாடுவோர் புதிய இயந்திரங்களையும் கருவிகளையும் தாமே அமைத்து, பிறருக்கு இலவசமாக வழங்கி வருகின்றனர். அதற்கு வேண்டிய கருவியை விளையாட்டை ஆக்கிய நிறுவனமே தருகின்றது. ஒருவர் செய்ததை மற்றொருவர் சோதித்துக் குறை கூறுகின்றார், மூன்றாமவர் திருத்துகின்றார். விளையாட்டும் அனுமதிப் பத்திரத்தின் கீழ் விற்கப்படும் பண்டந்தான் என்பதை நாம் மறக்கவில்லை. இருப்பினும், திரையில் ஓடும் நிழல் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் உள்ள சுதந்திரம், வயலில் நிற்கும் இரும்பு இயந்திரத்தின் சொந்தக்காரருக்கு மறுக்கப்படுகின்றது என்பது எமது காலத்தின் முரண்பாடுகளுள் ஒன்று. கூடி உழைக்கவும் அறிவைப் பகிரவும் மக்களுக்கு இயல்பாகவே விருப்பம் உண்டு என்பதற்கும் இதுவே சான்று. இலாபம் இல்லாவிடில் எவரும் எதையும் ஆக்கார் என்று கூறுவோர் இந்த இளைஞர்களைச் சற்றே நோக்க வேண்டும்.

ஆகவே, மேம்பாடு என்ற சொல்லை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது? குதிரைவலு கூடுவது மட்டும் மேம்பாடாகாது. ஒரு கருவி உழைப்பவரின் சுமையைக் குறைப்பதோடு, அதனைத் திறந்து திருத்தும் அறிவையும் உரிமையையும் அவர் கையில் விட்டு, அதனால் வரும் மிச்ச நேரத்தையும் பயனையும் அயலவரோடு பங்கிட இடமளிக்குமாயின், அதுவே மேம்பட்ட கருவி. இவற்றைப் பறித்து வேகத்தை மட்டும் கொடுக்கும் கருவி எத்துணை பளபளப்பாயினும் ஒருவரை உயர்த்துவதற்காகப் பலரை இறக்கும் ஏற்பாடேயாகும்.

மாணவர்களிடமிருந்து இவ்விளையாட்டைப் பறிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவர்கள் விளையாடட்டும். புதிய அறுவடை இயந்திரத்தை வாங்கிவிட்ட பெருமிதத்தோடு ஒரு மாணவன் அதனைப் பற்றிப் பேச வரும்போது, அவனது ஆசிரியர் அவன் சொல்வதை முழுவதும் கேட்டபின், அடுத்த வயலை யாரிடமிருந்து வாங்கினாய் என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்கட்டும். அக்கேள்விக்கு விளையாட்டில் விடையில்லை என்பதை அவன் தானே கண்டுகொள்வான். விடையை வேறெங்கு தேடவேண்டும் என்பதையும் நாளடைவில் அறிந்துகொள்வான்.