விற்பனைக்கு இல்லாத ஓரடி

பாட்டு கேட்பதற்கென்றே லட்சங்களைச் செலவழித்த வீடுகளிலும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் சுவரோடு ஒட்டித்தான் நிற்கின்றன. ஒன்று டிவி யூனிட்டின் ஓரத்தில். இன்னொன்று, பால்கனிக் கதவு இடிக்கும் என்பதால், மூலைக்குள். அவற்றுக்குப் போகும் கேபிள் மட்டும் கட்டைவிரல் பருமன். நெய்த உறை, தங்கமுலாம் பூசிய முனைகள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறிகூட அச்சிட்டிருக்கும். பாட்டைச் சுமந்துபோகும் மின்னோட்டம் நொடிக்குப் பல நூறு முறை திசை மாறுவது அந்த அம்புக்குறியை அச்சிட்டவருக்குத் தெரியாமல் இருக்காது.

கேபிளின் கணக்கு சின்னது. வீட்டு வயரிங்குக்கு இழுக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் தாமிர வயர், 3 மீட்டர் தூரத்துக்குப் போக வரச் சேர்த்து சுமார் 0.04 ஓம் தடை தரும். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் இது அதில் அரை சதவீதம். வெள்ளிக் கம்பி போடலாம்; தாமிரத்தைவிட ஏறக்குறைய 6 சதவீதம் நன்றாகக் கடத்தும். அதாவது, அந்த அரை சதவீதத்தில் 6 சதவீதம். தூரம் கூடினாலோ ஸ்பீக்கர் 4 ஓம் ஆனாலோ கொஞ்சம் தடித்த வயர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். காதுக்குப் பளிச்சென்று தெரிகிற கேபிள் கோளாறு ஒன்று உண்டு: ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போவது. பேஸ் கரைந்துவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் நிலைகொள்ளாமல் அறை முழுக்க அலையும். மாற்றிச் சொருக ஒரு நிமிடம், செலவு இல்லை.

சுவரின் கணக்கு அப்படியல்ல. தாழ்ந்த சுரங்கள் ஸ்பீக்கரின் முன்னால் மட்டும் போவதில்லை. பின்னாலும் போய்ச் சுவரில் மோதித் திரும்புகின்றன. ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளியிருந்தால், திரும்பி வருவது சுமார் 143 ஹெர்ட்ஸில் நேராக வருவதற்கு எதிராக நின்று அதைத் தின்றுவிடும். ஆண்குரலின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளினால் அந்தப் பள்ளம் 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். மூலைக்குள் வைத்தாலோ பேஸ் ஊதிப்போய், மிருதங்கத்தின் தொப்பி எந்த விரலுக்கும் ஒரே ‘தொம்’ என்றே பதில் சொல்லும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமான நம் ஹாலில் பக்கச் சுவர்களும் சேர்ந்து பாடும். எந்த இடத்திலிருந்து என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒருவர் கேட்கும் இடத்தில் உட்கார, இன்னொருவர் பக்கச் சுவரோடு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடியில் ட்வீட்டர், அதாவது உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் சின்ன வட்டம், எங்கே தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் ஒலி தெறிக்கிறது. அந்த இடத்தில் ஒரு புத்தக அலமாரி போதும். இவையெல்லாம் பல டெசிபல் வித்தியாசங்கள். கேபிளில் போகும் இழப்பு 0.05 டெசிபல்கூட இல்லை.

1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாயிட் டூலும் ஷான் ஆலிவும், ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்களை உட்காரவைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதே ஸ்பீக்கர்கள், ஒருமுறை கண்ணெதிரே, ஒருமுறை திரைக்குப் பின்னே. கண்ணால் பார்த்தபோது பெரியதும் விலை கூடியதும் நல்ல மதிப்பெண் வாங்கின. இதில் வியப்பில்லை. யோசிக்கவைப்பது இன்னொன்று. ஸ்பீக்கரை இடம் மாற்றியதால் ஒலி மாறியது, பார்த்துக்கொண்டே கேட்டவர்களுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. திரை போட்டதும் உறைத்தது. எது ஒலிக்கிறது என்று தெரிந்துவிட்டால், எங்கிருந்து ஒலிக்கிறது என்பதைக் காது விட்டுவிடுகிறது.

ஆகவே கேபிள் வாங்கியவரை ஏமாளி என்பது சுலபம்; நியாயம் இல்லை. அவர் கேட்டதாகச் சொல்வது பொய்யல்ல. தவிர, கேபிளிடம் ஒரு பெரிய குணம் இருக்கிறது: அதற்கு யார் சம்மதமும் வேண்டாம். பில்லை மறைக்கத் தெரிந்தால் போதும். ஸ்பீக்கரை ஓரடி முன்னே இழுப்பது அப்படியா? சோஃபா நகர வேண்டும். வீடு துடைக்க வருகிறவர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அம்மா சீரியல் பார்க்கிற நாற்காலி இடம் மாற வேண்டும். இந்தப் பேச்சையெல்லாம் தொடங்குவதைவிட வெள்ளிக் கம்பி மலிவு.

பேசி முடித்தாலும் இன்னொன்று மிஞ்சும். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சம பக்க முக்கோணமாக அமைய வேண்டும், ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பால பாடம். அந்த முக்கோணத்தின் முனையில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஆலன் ப்ளம்லைன், சினிமா பார்க்கப் போன இடத்தில், நடிகர் ஒரு பக்கம் நிற்கக் குரல் வேறு பக்கமிருந்து வந்தது பொறுக்காமல்தான் இதை யோசித்தார் என்பார்கள். கொட்டகைக்காகப் பிறந்த யோசனை, வீட்டுக்கு வந்து ஓர் ஆளுக்கானதாகச் சுருங்கிவிட்டது. மற்றவர்கள் பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் கேட்டுக்கொண்டு, நடுவில் இருப்பவரின் முகபாவத்தைப் பார்க்கலாம்.

இதற்கும் ஓரளவு வழி இருக்கிறது. ஸ்பீக்கர்களை உள்பக்கமாக நன்றாகத் திருப்பி, அவற்றின் நேர்கோடுகள் கேட்பவருக்கு முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி வைத்தால், ஓரத்தில் இருப்பவருக்கும் குரல் ஏறக்குறைய நடுவில் நிற்கும். நடு நாற்காலிக்காரர் துல்லியத்தில் கொஞ்சம் இழப்பார். இந்த முறை சம்மதம் தர வேண்டியவர் அவர்.