நங்கூரமும் கடமையும்

ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர் நெஞ்சில் ஒரு வினா ஓயாது எழும். பிறந்த மண்ணுக்கு நாம் கடன்பட்டவர் என்பது தெளிவு. பிழைக்க வந்த மண்ணுக்கும் நாம் கடன்பட்டவர்தாமா? கழக்கூட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, பணி உள்ளவரை இங்கே, பின்னர் எங்கேயோ என்னும் நிலையில் உள்ளவை. ஆதலின் இவ்வினா நமக்கு ஏட்டு வினாவன்று. விடை காண்பதற்கு, ஊர் என்பதே இல்லாத ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு, வெப்பக் கடற்கரை ஓரமாகத் துறைக்குத் துறை செல்பவன் அவன்.

அத்தகைய வாழ்வு இம்மண்ணுக்குப் புதிதன்று. 1815 முதல் 1829 வரை ஆட்சிப் பொறுப்பிலிருந்த கௌரி பார்வதி பாயின் காலத்தில் வெட்டப்பெற்ற பார்வதி புத்தனாறு, வள்ளக்கடவிலிருந்து வேளி வழியாகக் கடினங்குளம் காயல் வரை செல்கிறது. சாலைகள் பெருகுமுன் சரக்கேற்றிய கெட்டுவள்ளங்கள் இந்நீர்வழிகளில் இயங்கின. ஆணியடியாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய அவ்வள்ளங்களிலேயே அவற்றைச் செலுத்தியோர் சமைத்து உண்டனர், உறங்கினர். காற்று வாய்த்த இடத்தில் பாய் விரித்தனர். வாய்க்காத இடத்தில் கோல் ஊன்றினர். இந்நாளிலோ, உலகைச் சுற்றும் சிறு பாய்மரப் படகுகள் தென்மேற்குப் பருவம் ஓய்ந்த மாதங்களில் கொச்சித் துறையில் தங்கிச் செல்கின்றன.

இவ்வாறு வாழ்பவன் எவருக்கும் கடன்பட்டவன் அல்லன் என்பார் உளர். அவனுக்கு வரி செலுத்தும் தெரு இல்லை. துறை பிடிக்காவிடில் நங்கூரத்தைத் தூக்கிப் பாயை விரித்துவிடலாம். இவ்வாதத்தில் ஓர் உண்மையும் உண்டு. குறுகிய இடத்தில் வாழ்பவன் வேண்டுவது எது, வேண்டாதது எது எனப் பிரித்தறியக் கற்கிறான். குடிநீரை அளந்து பருகுகிறான். பொருள் சேர்க்கும் ஆசை அவனிடம் தானே குறைகிறது. வாழும் மனையையும் பற்றற்ற முத்தியையும் ‘வீடு’ என்னும் ஒரே சொல்லால் வழங்கும் நம் மொழி இவ்விடுதலையின் அருமையை அறியும்.

ஆயினும் பற்றின்மை வேறு, பொறுப்பின்மை வேறு. நங்கூரம் இடும் முறையே இதனைக் காட்டும். நங்கூரம் தன் எடையால் மட்டும் படகை நிறுத்துவதில்லை. நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட்டால்தான், இழுவை கிடையாக அமைந்து அது அடிமண்ணைப் பற்றும். அவ்வளவு கயிற்றில் நிற்கும் படகு, காற்றுத் திரும்புந்தோறும் பெருவட்டமாகச் சுழலும். எனவே முன்னரே நிற்கும் படகுகளின் சுழல்வட்டத்தை அறிந்து, பின்வந்தவன் விலகி நிற்றல் வேண்டும் என்பது கடலோடிகளின் வழக்கம். கயிற்றைக் குறைத்தால் நங்கூரம் இழுபடும். நள்ளிரவில் படகு அயலான் படகின்மேல் மோதும். ஓரிரவு மட்டும் தங்குபவனுக்கும் இவ்விதியில் விலக்கு இல்லை.

கடலின் மற்றொரு விதி இன்னும் ஆழமானது. 2018-ஆம் ஆண்டு கோல்டன் குளோப் போட்டியில் தனியராய் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தார் கேரளத்தவரான கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசிய புயலில் அவர் படகின் பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பு அடிபட்டு அவர் எழமாட்டாது கிடந்தார். அதே புயலில் தாமும் பாய்மரங்களை இழந்த அயர்லாந்து வீரர் கிரெகர் மெக்கக்கின், கிடைத்தவற்றைக் கொண்டு பாய் கட்டி டோமியை நோக்கியே படகைத் திருப்பினார். செப்டம்பர் 24 அன்று ஓசிரிஸ் என்னும் பிரெஞ்சுக் கப்பல் டோமியை மீட்டது. அவ்விருவரும் ஒரே ஊரினர் அல்லர். ஒருவரையொருவர் வெல்லப் புறப்பட்டவர்கள். இடரில் இருப்பவனுக்கு அணுகக்கூடியவன் உதவ வேண்டும் என்பதை 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையும் கூறுகிறது. ‘நீ எவ்வூரினன்?’ என்று அவ்விதி கேட்பதில்லை. ‘எவ்வளவு அருகில் இருக்கிறாய்?’ என்றே கேட்கிறது.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டின் முதலடியை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அதே பாட்டில் உயிர்வாழ்க்கை ஆற்றோடு செல்லும் மிதவைக்கு உவமிக்கப்படுவதை மறந்துவிடுகிறோம். நிலையாமையை உணர்ந்த அவரே எல்லா ஊரையும் தம்மூராகக் கண்டார். நிலையாமை அவருக்கு உறவை மறுக்கும் காரணமாகவில்லை.

பார்வதி புத்தனாறு இன்று பல இடங்களில் கழிவுநீராலும் ஆகாயத்தாமரையாலும் அடைபட்டுத் துயருறுகிறது. நம் குடியிருப்பின் கழிவு எங்கே சென்று சேர்கிறது என்று கேட்கும் கடமை, நிலம் உடையவனுக்கு மட்டும் உரியதன்று. வாடகை வீட்டில் பதினொரு திங்கள் தங்குபவனுக்கும் உண்டு. அண்டை வீட்டாரின் மொழியை நம் பிள்ளைகள் பிழையின்றிப் பேசுதலும், அவர்தம் இடரில் முதலில் சென்று நிற்றலும் அக்கடமையின் பகுதிகளே. பிறந்த மண்ணின் கடனை இவை ஒருபோதும் குறைப்பதில்லை. எத்தனை நாள் தங்குவோம் என்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். தங்கும் நாளெல்லாம் அயலாருக்கு அரணாக நிற்பது நம் கையில்தான் இருக்கிறது.